நாலு இன்ச் மரியாதை

என் வீட்டுக்காரர் தையல்காரர். கையில் டேப்பை எடுத்தால் வாயில் பொய் வந்துவிடும். யார் இடுப்பை அளந்தாலும் நாலு இன்ச் குறைத்துத்தான் சத்தமாகச் சொல்வார். வெட்டும்போது மட்டும் உள்ளபடி வெட்டுவார். வந்தவர் முகமும் மலரும், பேன்ட்டும் பொருந்தும். குனிந்து டேப்பைப் பார்க்கலாமே என்றால், தொப்பை விட்டால்தானே! பக்கத்தில் பட்டன் துளைக்குக் காஜா எடுத்துக்கொண்டு நானும் சிரித்துக்கொள்வேன். வருகிறவர் மனம் கோணக் கூடாது என்பது அவர் கட்சி.

அந்தப் பொய் எங்கள் வீட்டுக்கே வந்தது. என் தம்பி பஸ் டிரைவர். நாளெல்லாம் சீட்டில் உட்கார்ந்தே இருப்பான். வண்டி நிற்கிற இடமெல்லாம் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் ஒரு பன்னும். டிப்போவில் நடந்த பரிசோதனையில் அவனுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. இன்னும் நோயாகவில்லை, இப்போதே வயிற்றைக் குறைத்து நடந்தால் வராமலே தடுத்துவிடலாம் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நோய் எங்கள் அப்பாவிடம் முதலில் காலை வாங்கியது, பிறகு உயிரை வாங்கியது. வயிற்றைக் குறைடா என்று தம்பியைக் கெஞ்சினேன்.

அவனோ சிரித்தான். "என் இடுப்பு முப்பத்தாறுதான்க்கா. எங்க பெருத்தேன்? சந்தேகம்னா மாமாவைக் கேளு."

மாமா ஊசியில் நூல் கோக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

தம்பி போனதும் இவரைப் பிடிபிடியென்று பிடித்தேன். இத்தனை வருஷம் ஏமாற்றியது தெரிந்தால் அவன் நம் வாசல்படியே மிதிக்க மாட்டான் என்று இழுத்தார்.

"மிதிக்காட்டி போகட்டும். மிதிக்க அவனுக்குக் காலு இருக்கணும்" என்றேன்.

அடுத்த வாரம் யூனிஃபார்ம் தைக்கத் தம்பி வந்தான். கடையில் நாலு பேர் இருந்தார்கள். இவர் டேப்பைச் சுற்றினார். "நாப்பது" என்றார்.

தம்பி சரியாகப் பார்க்கச் சொன்னான். இவர் டேப்பின் நுனியை அவன் கையிலேயே கொடுத்துக் கண்ணாடி முன் நிறுத்தினார். "நான்தான் பொய் சொல்லிட்டிருந்தேன் மாப்ளே. இதான் உன் அளவு."

அவன் முகம் கறுத்தது. துணியைச் சுருட்டிக்கொண்டு நேராக எதிர்த்தெருத் தையல்கடைக்குப் போனான். உறவு அறுந்தது என்றே நினைத்தேன். விளக்கு வைக்கும் நேரத்துக்கு அதே துணியோடு திரும்பி வந்தான். அங்கே கணீரென்று முப்பத்தாறு என்றார்களாம். கண்ணாடியில் தானே டேப்பைப் பார்த்திருக்கிறான். நாற்பது. அந்தப் பொய்தான் அவனுக்குப் புத்தி சொன்னது. எங்கள் தொழிலே அப்படி!

மறுநாள் முதல் டிப்போவுக்கு நடந்தான். டீயில் சர்க்கரையை விட்டான். பன்னை விடுவதுதான் பெரும்பாடு. ஒருநாள் மீசையில் துகளோடு மாட்டிக்கொண்டான், நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான். இவரும் அன்றிலிருந்து எல்லோருக்கும் உள்ளதையே சொன்னார். யதார்த்தவாதி வெகுஜன விரோதி. சிலர் எதிர்த்தெருவுக்குப் போனார்கள். சிலர் முறைத்துவிட்டு, தம்பியோடு சேர்ந்து நடக்க ஆரம்பித்தார்கள். காலையில் எங்கள் கடையைத் தாண்டிப் போகும் அந்தக் கூட்டத்தைப் பார்க்கப் பெருமையாக இருக்கும்.

ஆறு மாதம் கழித்து நடந்த மறுபரிசோதனை அன்று ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி தம்பி கடைக்குள் வந்தான். சர்க்கரை இறங்கிவிட்டது, மாத்திரையே வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாராம். இவர் அளந்தார். கலப்படமில்லாத முப்பத்தேழு. தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

கையில் இருந்த வேலையை ஒதுக்கிவிட்டு அந்தப் பேன்ட்டைப் பிடித்துத் தைத்தார். உள்ளே மிச்சத் துணியை மடித்து விடுவதுதான் வழக்கம், பெருத்தால் பிரித்துவிடலாம். தம்பியும் அதையே கேட்டான். "உள்ள துணி இருக்கட்டும் மாமா. நாளைக்குப் பெருத்துட்டா?"

இவர் கத்தரியை எடுத்து அந்தத் துணியை நறுக்கிக் கீழே போட்டார்.

"இனி துணி இல்ல மாப்ளே. நீ பெருக்கக் கூடாது."

தம்பி சிரித்தான். நான்தான் அழுதேன்.