பெரியம்மாவின் சொந்த முகம்

என் அம்மாவின் அக்கா சினிமாவில் மாமியார். நிஜத்தில் அவருக்கு மருமகளும் இல்லை, மகனும் இல்லை. கல்யாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டவர். ஆனாலும் எங்கள் தெருவில் அவரை எல்லோரும் மாமியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு படத்தில் மருமகளைப் பட்டினி போட்டதற்காகக் காய்கறிக்காரர் ஒருமுறை அவருக்குத் தக்காளி தர மறுத்துவிட்டார். "முதல்ல அந்தப் பொண்ணுக்குச் சாப்பாடு போடுங்க, அப்புறம் வாங்க" என்றாராம். பெரியம்மா வெறும் பையோடு வீட்டுக்கு வந்து, விருது வாங்கியவர் மாதிரி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

போன வருஷம்தான் அவருக்கு முதன்முதலாக ஒரு நல்ல அம்மா வேடம் வந்தது. சிறைக்குப் போன மகனுக்காகக் காத்திருக்கும் தாய். மகன் திரும்பி வரும் காட்சி மட்டும் பாக்கி இருந்த நிலையில், ஒரு காலையில் வாய் கொப்பளித்தபோது தண்ணீர் இடது ஓரமாக வழிந்தது. கண்ணாடியில் பார்த்தால் ஒரு பக்கம் அசைகிறது, மறு பக்கம் மரம் மாதிரி இருக்கிறது. முகவாதம் என்றார் டாக்டர். சரியாகிவிடும், எப்போது என்று சொல்ல முடியாது என்றார்.

படக் கம்பெனி மேனேஜரும் இயக்குநரும் வீட்டுக்கு வந்தார்கள். இயக்குநர் என் வயதுப் பெண். மேனேஜர் நாற்காலியில் உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க ஒரு கவலையும் படாதீங்கம்மா. உங்க பழைய முகம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு. மிச்சத்தை ஏஐ நடிச்சிடும். நீங்க வீட்டுல காலை நீட்டி உக்காருங்க."

பெரியம்மா கைக்குட்டையால் வாயோரத்தை ஒற்றிக்கொண்டார். "ஜனங்க ஒத்துப்பாங்களா?"

"அவங்களுக்கு எங்கம்மா தெரியப்போகுது? போன படத்துல ரயில்வே ஸ்டேஷன் கூட்டம் மொத்தமும் ஏஐதான். நீங்களே பார்த்துட்டு, பிரமாதமா இருக்குன்னு சொன்னீங்களே!"

பெரியம்மாவுக்குச் சுருக்கென்றது. சொன்னது உண்மைதான். இயக்குநரிடம் திரும்பினார்.

"மகன் திரும்பி வர்ற சீனை நானும் நடிக்கிறேன்மா. அந்த ஏஐயும் நடிக்கட்டும். ரெண்டையும் ஜனங்களுக்குப் போட்டுக் காட்டுங்க. அவங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்குன்னா நான் மூச்சு விடமாட்டேன்."

மேனேஜர் விட்டத்தைப் பார்த்தார். இயக்குநர், "சரிம்மா, செய்வோம்" என்றார்.

அந்தக் காட்சியில் தாய்க்கு ஒரே ஒரு வசனம். வாசலில் வந்து நிற்கும் மகனை அவள் கட்டிப் பிடிக்க மாட்டாள், அழ மாட்டாள். "கதவைச் சாத்து, கொசு வருது" என்பாள், அவ்வளவுதான். ஆனால் பெரியம்மாவுக்கு உதடு படும் எழுத்து எதுவுமே சரியாக வரவில்லை. சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே "கதவை, கதவை" என்று சொல்லிப் பழகினார். நான் எதிரில் நின்று, "காத்துதான் வருது பெரியம்மா, வார்த்தை வரல" என்பேன். "அடி போடி" என்று மறுபடியும் தொடங்குவார்.

படப்பிடிப்பு அன்று வேறொரு தொல்லை. இடது கண் மூடாததால் தண்ணீர் தானாக வழிந்துகொண்டே இருந்தது. அழக்கூடாத காட்சியில் கண்ணீர்! "துடைச்சுக்கவா?" என்று கேட்டார். "உங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிம்மா" என்றார் இயக்குநர். கேமரா ஓடியதும் பெரியம்மா, கொசுவை விரட்டுவது போல எரிச்சலாகத் தோளில் கண்ணைத் தேய்த்துக்கொண்டு அந்த வசனத்தைச் சொன்னார். பாதி வாயால்தான் சொன்னார்.

படம் முடிந்ததும் ஒரு தியேட்டரில் இரண்டு அரங்குகளில் பொதுமக்களுக்குப் போட்டார்கள். ஒன்றில் ஏஐ அம்மா, மற்றதில் பெரியம்மா. பெரியம்மா ஏஐ அரங்குக்குள் போனார். "என் மூஞ்சியை நான் தினமும் பார்க்கிறேன். அது நடிச்சதைத்தான் பார்க்கணும்" என்றார். நான் மற்றதில் உட்கார்ந்தேன்.

அந்தக் காட்சி வந்ததும் என் முன்வரிசையில் ஒரு பெண், "அந்தம்மாவுக்கு வாய் கோணியிருக்கே, என்னாச்சு?" என்று கிசுகிசுத்தாள். பக்கத்தில் இருந்தவர், "எத்தனை வருஷம் ஆச்சு, எதையெல்லாம் தாங்கினாங்களோ" என்றார். கதையில் முகவாதம் என்று ஒரு வார்த்தைகூட இல்லை. அவர்களாகவே அதைக் கதைக்குள் சேர்த்துக்கொண்டார்கள். கொசு வசனம் வந்தபோது யாரோ சிரித்தார், அந்தச் சிரிப்பு பாதியிலேயே உடைந்தது.

வெளியே வந்ததும் பெரியம்மாவிடம் ஓடினேன். "நல்லாத்தான்டி நடிச்சிருக்கு" என்றார். "முகம் பளிச்சுன்னு இருக்கு. பக்கத்து சீட்டுக்காரர் அழுதாரு. எனக்கே பொறாமையா இருந்துச்சு." முகம் வாடியிருந்தது.

அதற்குள் உதவி இயக்குநர்கள் ஏஐ அரங்கிலிருந்து வந்தவர்களிடம் கடைசிக் காட்சியில் அம்மாவாக வந்தது ஏஐ என்ற விஷயத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "அதனால என்ன, கதை நல்லாருக்கே" என்று பலர் நகர்ந்தார்கள். மேனேஜர் முகத்தில் வெற்றிக்களை. அப்போது அந்தப் பக்கத்து சீட்டுக்காரர் நின்றார்.

"அந்த சீன்ல அந்தம்மா இல்லவே இல்லையா? அப்போ நான் யாருக்காகய்யா அழுதேன்?"

அவர் கத்தவில்லை. ஏமாந்துபோன குரலில் கேட்டார். நகர்ந்துகொண்டிருந்த சிலர் திரும்பி வந்தார்கள். "அதானே?" என்றார் ஒருவர். இயக்குநர் பெரியம்மாவைத் தோளோடு அணைத்து முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். "இவங்கதான் சார். இவங்க நடிச்சதும் இருக்கு, பார்க்கிறீங்களா?"

அந்த மனிதர் தன் மனைவியை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டு, பெரியம்மா நடித்த அரங்குக்குள் அடுத்த காட்சிக்குப் போனார். இன்னும் நிறையப் பேர் கூடவே போனார்கள்.

படம் பெரியம்மாவின் சொந்த முகத்தோடுதான் வெளியானது. கலவரக் காட்சிக் கூட்டம் இந்தப் படத்திலும் ஏஐதான். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் போகிற இடமெல்லாம் பெரியம்மாவை நிறுத்தி, "கதவைச் சாத்தட்டுமா அம்மா?" என்று கேட்கிறார்கள். நான் பக்கத்தில் நின்றால், "எங்க பெரியம்மா" என்று கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் இன்னொரு கம்பெனியிலிருந்து போன் வந்தது. அந்தக் கோணல் வாயோடு அப்படியே வேண்டுமாம். பெரியம்மா கண்ணாடி முன்னால் நின்று பேசினார்.

"அது நல்லாயிடுச்சே தம்பி! அதனால என்ன, நான் நடிகைதானே? நடிச்சே காட்டுறேன், வாங்க."