நாலு வாசல் கூடாரம்

என் மூத்த பேத்தி கார்த்திகா பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் பள்ளியிலேயே முதலாவதாக வந்திருக்கிறாள். கணக்கில் இருநூற்றுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. அந்த இரண்டு மார்க் எங்கே போனது என்று நான் கேட்டதற்கு இன்னும் கோபமாக இருக்கிறாள். அவள் தம்பி சரவணன் வாலிபாலில் மாவட்ட அணிக்குத் தேர்வாகியிருக்கிறான். பெங்களூரில் இருக்கும் கடைக்குட்டி நிலா பத்தாம் மாதத்திலேயே எதையும் பிடிக்காமல் நிற்கிறாள், ஆறு பல் முளைத்துவிட்டது. இவ்வளவையும் சொல்லி முடித்தால்தான் எனக்கு அடுத்த வேலை ஓடும். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். தாளில் எழுதிக் கொடுப்பேன், கார்த்திகா தட்டச்சு செய்து இந்த வலைப்பூவில் போடுவாள். பிழை இருந்தால் என்னுடையது, காற்புள்ளி இருந்தால் அவளுடையது.

இந்த 2009 மாசிச் சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலில் தங்குவதற்காகப் பெரிய கூடாரம் ஒன்று தேடி சிவகாசி, விருதுநகர், மதுரை என்று அலைந்தேன். குடும்பத்தோடு வெளியில் தங்கவும் வேண்டும், வீட்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பத்து நாள் குடியிருக்கவும் வேண்டும் என்று கூடாரம் தேடுகிறவர்களுக்கு இந்த அலைச்சல் உதவும்.

எங்கள் வீடு சிவகாசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர். போன தீபாவளிக்கு முந்தின வாரம் பக்கத்து ஊர்ப் பட்டாசு ஆலை ஒன்றில் வெடிமருந்து வெடித்தது. அதிர்ச்சியில் எங்கள் பின்கட்டுச் சுவர் விரிந்து, மேலேயிருந்து காரை பெயர்ந்து நிலாவின் தொட்டிலில் விழுந்தது. ஒரு நிமிடம் முன்புதான் அனிதா குழந்தையைத் தூக்கியிருந்தாள். அனிதா என் இளைய மகன் செந்திலின் மனைவி, பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வந்திருந்தவள்; கோயம்புத்தூர்ப் பெண், வெடிச் சத்தத்துக்குப் பழகாதவள். மறுநாள் காலையில் பெட்டியைக் கட்டிவிட்டாள்.

"கோவிச்சுக்காதீங்க அத்தை. இந்த வீட்டை இடிச்சுக் கட்டுற வரைக்கும் குழந்தையைக் கூட்டிட்டு வர மாட்டேன்" என்றாள். கோபித்துக்கொள்ள என்ன இருக்கிறது? தொட்டிலில் கிடந்த காரையை அள்ளிக் கொட்டியது நான்தான்.

மீதிப் பேர் ஒரு கல்யாண மண்டபத்தில் பதினோரு நாள் இருந்தோம். அந்த மண்டபத்துக்கு ஒரே ஒரு ஷட்டர் கதவு. எனக்குப் படுக்கை கொள்ளவில்லை, ஷட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். முப்பது வருடம் பயர் ஆபீசில் வேலை பார்த்தவள் நான். எங்கள் பக்கம் பட்டாசு ஆலையை அப்படித்தான் சொல்வோம். அங்கே ஒரு ரூமில் நாலு பேர், நாலு பக்கமும் வாசல், வாசலில் ஒரு தட்டுகூட இருக்கக் கூடாது. சத்தம் கேட்டால் கையில் இருப்பதை அப்படியே விட்டுவிட்டுப் பக்கத்து வாசலில் ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது. முதல் நாள் வேலைக்குப் போகிறவருக்குச் சொல்லும் முதல் பாடம் அது.

பிறகு சுவருக்கு முட்டுக் கொடுத்து வீட்டுக்கே திரும்பிவிட்டோம். இடித்துக் கட்டி முடிய இன்னும் ஒரு வருடமாவது ஆகும். ஆனால் எங்கள் வழக்கத்தில் ஒரு வயது முடியுமுன் குலசாமிக்கு முதல் மொட்டை போட்டாக வேண்டும். சிவராத்திரியை விட்டால் வேறு நாள் இல்லை. கோயிலோ மல்லாங்கிணற்றுக்கு அந்தப் பக்கம் கரிசல் காட்டு நடுவில் இருக்கிறது. ஒரு வேப்பமரம், ஒரு தண்ணீர்த் தொட்டி, அவ்வளவுதான். நாங்கள் எல்லாம் பாயை விரித்து வெட்டவெளியில் கிடப்போம். பத்து மாதப் பிள்ளையை வெயிலிலும் பனியிலும் போடு என்று அனிதாவிடம் எந்த வாயால் சொல்வது? வீட்டுக்கு வர மாட்டாள், காட்டுக்கும் வராவிட்டால் பிள்ளையை நான் எப்போது பார்ப்பது? அதற்குத்தான் கூடாரம்.

முதலில் சிவகாசியில் தார்ப்பாய்க் கடை. லோடு லாரிக்குப் போடும் தார்ப்பாய்தான் இருந்தது. மேலே விரித்தால் கூரை ஆகும், கூடாரம் ஆகாது. வெயிலில் உள்ளே இட்லி அவிக்கலாம். அங்கே கால் மணி நேரம்தான் நின்றேன்.

மறுநாளே மூத்த மகன் முருகேசனை இழுத்துக்கொண்டு மதுரைக்குக் கிளம்பினேன். அவன் அச்சுக் கம்பெனியில் இருக்கிறான், அன்றைக்கு லீவு. காலை ஏழு மணிக்குப் பஸ், விருதுநகருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர், ஒன்பது ரூபாய். அங்கே மாறினால் மதுரைக்கு இன்னும் ஐம்பது கிலோமீட்டர், பதினேழு ரூபாய். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் என்னால் உட்கார முடியவில்லை. வழியில் தெரிந்த கல்யாணப் பந்தலை எல்லாம் எட்டிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

மதுரைக் கடைக்காரர் வெளிநாட்டுக் கூடாரம் ஒன்றை நடுக்கடையிலேயே விரித்துக் காட்டினார். பத்துப் பேர் படுக்கலாம் என்று உறையில் போட்டிருந்தது. நான் முருகேசனைப் படுக்கச் சொல்லி அளந்தேன். தலையணை, பை, பிள்ளைக்குத் தொட்டில் என்று பார்த்தால் ஆறு பேருக்குத்தான் சரி. நடுவில் நிமிர்ந்து நிற்கலாம், துணியும் லேசு. விலை ஒன்பதாயிரத்து ஐந்நூறு. ஆனால் ஒரே வாசல், அதுவும் ஜிப்.

"இன்னொரு வாசல் எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

"ஒன்னுதாம்மா. வாரதுக்கும் போறதுக்கும் ஒன்னு போதாதா?"

"ஓடுறதுக்கு?"

"ஓடுறதுக்கா? ஒங்கள யாரும்மா வெரட்டுறாக?"

நான் உள்ளே போய் ஜிப்பை இழுத்து மூடச் சொன்னேன். பிறகு திறக்கப் பார்த்தேன். பாதியில் துணி கடித்துக்கொண்டது. கடைக்காரர் வெளியேயிருந்து இழுக்க, நான் உள்ளேயிருந்து இழுக்க, கடைசியில் முருகேசன் வந்து எடுத்துவிட்டான். எடுத்துவிட்டுக் கேட்டான்: "ஏம்மா, நீ கூடாரம் வாங்க வந்தியா, பட்டாசு ரூமுக்கு லைசென்ஸ் குடுக்க வந்தியா?"

கடைக்காரர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வேர்த்து ஊற்றியது. அங்கிருந்து நேராகப் பஸ் ஏறி மதியத்துக்குமேல் விருதுநகரில் இறங்கினோம்.

அங்கே கடைவீதிக்குப் பின்னால் பந்தல் சாமான் வாடகைக்கு விடும் பாய் ஒருவர் இருக்கிறார். ஷாமியானா தைக்கவும் ஆள் வைத்திருக்கிறார். அவரிடம் கித்தான் துணியில் பன்னிரண்டு அடிக்குப் பதினைந்து அடி, நடுவில் மூங்கில், நாலு பக்கமும் வாசல், ஜிப் கிடையாது, துணிமேல் துணி மடங்கிக் கிடக்க வேண்டும் என்று சொன்னேன்.

"நாலு வாசல் வச்சா அது கூடாரம் இல்லக்கா, மண்டபம். காத்து, வீட்டுக்கு வந்த சம்பந்தக்காரர் மாதிரி நேரா உள்ள வரும்" என்றார் பாய்.

"வரட்டும். வந்தா அந்தப் பக்கமாப் போயிரும்."

"பணம் ஒங்களது, காத்து ஆண்டவனது. நா தச்சுத் தாரேன்" என்றார். ஆறாயிரத்து எண்ணூறு ரூபாய், ஒரு வாரம். அந்த ஒரு வாரமும் நான் இருப்புக்கொள்ளாமல் இரண்டு தடவை விருதுநகர் போய் வந்தேன். மூன்றாவது தடவை பாயே, "அக்கா, நீங்க வந்து நின்னா தையக்காரருக்குக் கை ஓட மாட்டேங்குது, வீட்டுல இருங்க" என்று சொல்லிவிட்டார்.

கூடாரத்தைப் படம் எடுத்து கார்த்திகா அனிதாவுக்கு அனுப்பினாள். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் செந்தில் போன் செய்து வருகிறோம் என்றான். "ஆனா அம்மா, வீட்டுக்கு இல்ல. நேரா கோயிலுக்கு" என்றான். எனக்கு அது போதும்.

சிவராத்திரி அன்று வேன் பிடித்தோம், போக வர ஆயிரத்து அறுநூறு. எங்கள் ஊரிலிருந்து விருதுநகர் வழியாகக் கோயிலுக்குச் சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். மதுரையில் ரயிலை விட்டு இறங்கி அவர்களும் பதினோரு மணிக்குள் வந்துவிட்டார்கள். கரிசல் மண் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. முருகேசன் ஆணி அடித்தால் வெடிப்புக்குள் போய்த் தொளதொள என்று நின்றது. கல்லை வைத்து இறுக்கினோம். பன்னிரண்டு மணிக்கு மொட்டை. நிலா அழவே இல்லை, மழித்தவரின் மீசையைப் பிடித்துக்கொண்டாள். சந்தனம் பூசிக் கூடாரத்தில் பாயில் போட்டதும் தூங்கிவிட்டாள்.

அனிதா கூடாரத்தைச் சுற்றி வந்து பார்த்தாள். நாலு வாசல் துணியையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு மணி இருக்கும். செந்தில் வெளியே பொங்கல் பானை அடுப்புப் பக்கம் நின்றான். அனிதா குழந்தைக்குப் பாட்டில் கழுவத் தொட்டிக்குப் போயிருந்தாள். உள்ளே நான், முருகேசன், அவன் மனைவி முத்துலட்சுமி, அவர்கள் பிள்ளைகள் கார்த்திகா, சரவணன், தூங்கும் நிலா. காட்டுக்குள்ளிருந்து புழுதியோடு ஒரு காற்று வந்து இரண்டு வாசல் வழியாக நுழைந்தது. கூடாரம் வயிறு புடைத்து எழும்பியது. ஆணிகள் பிடுங்கிக்கொண்டன. நடு மூங்கில் 'படார்' என்று முறிந்தது.

அந்தச் சத்தம்தான். முத்துலட்சுமி இன்றைக்கும் பயர் ஆபீசுக்குப் போகிறவள், முருகேசனும் அச்சுக்கு வருமுன் அங்கே ஐந்து வருடம் இருந்தவன். நான் ஒரு வாசலில் வெளியே இருந்தேன், முருகேசன் ஒரு வாசலில், முத்துலட்சுமி பிள்ளைகளோடு ஒரு வாசலில். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. யாரும் எதையும் எடுக்கவில்லை, யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. கற்ற பாடத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்துவிட்டு வெளியே நின்று ஒருவர் கையை ஒருவர் பார்த்தோம். ஒருவர் கையிலும் பிள்ளை இல்லை.

அதே நேரம் நாலாவது வாசலில் ஒரு ஆள் உள்ளே ஓடியதை நான் பார்த்தேன். அனிதா. அவள் நுழைந்ததும் கூடாரம் அப்படியே மேலே விழுந்து மூடிக்கொண்டது.

எல்லாருமாகத் துணியைப் பிடித்து இழுத்தோம். துணி விலகியபோது அனிதா முழங்காலில் குனிந்து, முதுகில் மூங்கிலைத் தாங்கிக்கொண்டு இருந்தாள். அவளுக்கு அடியில் நிலா முழித்துப் படுத்துக்கொண்டு அம்மாவின் தாலிக் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தாள். முருகேசன் மூங்கிலைத் தூக்கினான். அனிதாவின் முதுகில் ஒரு சிராய்ப்பு, வேறு ஒன்றும் இல்லை.

அவள் எழுந்து, மூச்சு வாங்கி, எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள். "என்ன, எல்லாரும் வெளிய நிக்கிறீங்க?" என்றாள்.

முத்துலட்சுமி அழ ஆரம்பித்தாள். நான், "மூணு வாசலையும் தச்சு மூடச் சொல்லிர்றேம்மா. இனி ஒரு வாசல் போதும்" என்றேன்.

அனிதா குழந்தையின் மொட்டைத் தலையில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நான் உள்ள வந்த வாசலைத் தைச்சிராதீங்க அத்தை. காதுகுத்துக்கு வர்றப்போ வேணும்."

காதுகுத்து மூன்றாம் வயதில், அதுவும் இதே கோயிலில்தான். அன்று இரவெல்லாம் எல்லாரும் வேனிலும் வேப்பமரத்தடியிலுமாகக் கிடந்தோம். நான் மட்டும் நடந்துகொண்டே இருந்தேன். பாதி பயம், பாதி அந்தக் காதுகுத்து என்ற சொல்.

இனி கூடாரம் வாங்கப் போகிறவர்களுக்கு. உறையில் எழுதியிருக்கும் ஆள் கணக்கில் பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் நிஜத்தில் படுக்க முடியும். நாலு வாசல் வேண்டாம்; எதிரெதிராக இரண்டு போதும், காற்று வரும் பக்கத்து வாசலைக் கட்டிவிட்டு மற்றதைத் திறந்து வையுங்கள். ஒரே வாசல் உள்ளதைக் கண்டிப்பாக வாங்காதீர்கள், அன்று பதற்றத்தில் என்ன சொல்லியிருந்தாலும் அதில் என் எண்ணம் மாறவில்லை. காய்ந்த கரிசலில் கடையில் தரும் ஆணி நிற்காது. கடப்பாரை நீளத்துக்குக் கம்பி வேண்டும், இல்லாவிட்டால் சாக்கில் மண் நிரப்பிக் கயிற்றைக் கட்டுங்கள். நடுக்கம்புக்கு மூங்கிலை விட இரும்புக் குழாய் நல்லது. அடுப்பு இருபது அடி தள்ளி இருக்கட்டும். வீட்டு முற்றத்தில் ஒரு தடவை கட்டிப் பார்க்காமல் பயணம் கிளம்பாதீர்கள். எல்லாவற்றுக்கும் முதலில், உள்ளே போகும்போதே யார் பிள்ளையைத் தூக்குவது என்று பேர் சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள். ஓடுவதற்கு எல்லாருக்கும் தெரியும்.

பாய் இரண்டு வாசலைத் தைத்துக் கொடுத்துவிட்டார், கூலி வாங்கவில்லை. அனிதா வந்த வாசலில் சிவப்பு நூலால் ஓரம் அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

அனிதா, நீ இதைப் படிப்பாய் என்று கார்த்திகா சொல்கிறாள். இந்த வலைப்பூவின் தலைப்பில் நிலா இன்னும் தீபாவளிக்கு முன்னால் எடுத்த படத்தில் தொட்டிலில் கிடக்கிறாள், தலை நிறைய முடி. எனக்கு அந்தத் தொட்டிலைப் பார்க்கவே பிடிக்கவில்லை. மறுநாள் காலையில் விழுந்து கிடந்த கூடாரத்துக்குப் பக்கத்தில் மொட்டையோடு அவளை உன் இடுப்பில் வைத்து செந்தில் ஒரு படம் எடுத்தானே, அதை அனுப்பிவை. மேலே அதைப் போடச் சொல்ல வேண்டும்.