மாமாங்கக் குளத்தின் கடைசிப் படி

மட்டக்களப்பில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு நாள். ஆடி அமாவாசைத் திருவிழாவையும் பார்த்துவிடலாம் என்று தஞ்சாவூரிலேயே திட்டமிட்டு வந்திருந்தேன். முதலில் ஒல்லாந்தர் கோட்டை, பிறகு மீன் பாடும் கல்லடிப் பாலம், அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் கோயில், மாலையில் பாசிக்குடாக் கடல்.

“பகல்ல மீன் பாடாது அண்ணன், நித்திரை கொள்ளும்,” என்று பாலத்தில் சிரித்தார் ஆட்டோக்காரர். என்னைப் போல் அவருக்கும் நாற்பது தாண்டியிருக்கும்.

கோயில் குளத்தில், தகப்பனை இழந்தவர்கள் கூட்டம் கூட்டமாக முழுகிக்கொண்டிருந்தார்கள். என் அப்பா போன வருடம் இறந்தவர். நானும் இறங்கி முழுகினேன். ஆட்டோக்காரர் கடைசிப் படிவரை வந்து, கால்களை மட்டும் நனைத்துக்கொண்டு நின்றார்.

அப்பா இருக்கிறாரா என்று கேட்டேன்.

“சண்டைக்குள்ள பிடிச்சிட்டுப் போனாங்க. நான் அப்ப சின்னப்பிள்ள. மறுகா ஒரு தகவலும் இல்ல.”

“இத்தனை வருடம் ஆகிவிட்டதே. நீங்களும் முழுகிவிடலாமே?” என்றேன், ஆறுதலாக.

“நான் முழுகினா அம்மா பொட்ட அழிக்கணும், அண்ணன்.”

அப்போது அவருடைய கைபேசி அடித்தது.

“முழுகிட்டியா மகன்?” தாயின் குரல் எனக்கும் கேட்டது.

“இல்லம்மா. கோயில் பார்க்க வந்த ஒராளக் கூட்டி வந்தன்.”



“அப்ப சரி. வெயிலுக்குள்ள நிக்காம சாப்பிட வா.”

பாசிக்குடா வேண்டாம் என்று அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, ஈர வேட்டியோடு அந்தப் படியில் உட்கார்ந்தேன். அப்பாவுக்குக் கொள்ளி வைத்தவன் நான். அது எனக்குக் கிடைத்த கொடுப்பினை என்று அன்றுவரை நினைத்ததில்லை.