வாசலில் இருந்த வாளிகள்

நாங்கள் முன்பு குடியிருந்த சங்கரன்கோவில் தெருவில் இப்போது மூன்று மாடிக் கடை ஒன்று இருக்கிறது. உள்ளே கண்முன்னே மிளகாய் அரைத்துத் தருகிறார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும், இதே இடத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அப்பா நடத்திய மாவு மில்லின் பெல்ட் காதுக்குள் படபடவென்று அடிக்க ஆரம்பித்துவிட்டது. வாசலில் பெண்களுக்குப் பதிலாக அவர்களுடைய மூடி போட்ட தூக்குவாளிகள் வரிசையில் நிற்கும். குடியிருப்புத் தெருவில் மில் கூடாது என்று நகராட்சி மிரட்டிக்கொண்டே இருந்ததால், ஜீப் சத்தம் கேட்டாலே மோட்டாரை அணைத்து, கதவைச் சாத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்போம்.

ஒருநாள் அப்படிச் சாத்தியபோது, வாசல் வாளிகளை மறந்துவிட்டோம். அதிகாரி அவற்றையே பார்த்தார்.

"தண்ணி லாரிக்கு இடம் போட்டிருக்காவ சார்," என்று கதவைத் திறந்துகொண்டு வந்தாள் அம்மா.

அவர் தலையாட்டித் திரும்பினார். அந்நேரம் சந்து வழியாக வந்த எதிர்வீட்டு அத்தை, வரிசையின் கடைசியில் தன் வாளியை வைத்தாள்.

"மதினி, மொளகாயை மதியத்துக்குள்ள அரைச்சிருவியளா?"

மறுநாள் மில்லுக்குச் சீல் வைத்தார்கள். தெரு வணிகப் பகுதியானபோது அப்பா இல்லை.

இன்று மிளகாய்த்தூளுக்காக வரிசையில் நிற்கையில், முன்னால் நின்ற பெண் கூடையைத் தரையில் வைத்தாள்.

"பாத்துக்கிடுங்கக்கா, இன்னா வாரேன்."

அந்தக் கூடையைத் தூக்கி ஒளித்துவைக்க என் கை பரபரத்தது.