ஜெஸி ஜெர்மனிக்குப் போன ஐந்து மாதம்

ஞானமுத்துவின் மகள் ஜெஸி ஜனவரி மாதம் மூன்றாவது புதன்கிழமை ஜெர்மனிக்குப் போனாள். ஆம்பூரில் அவர்கள் சபையில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். சபையின் மாதப் பத்திரிகையில் போட்டோவோடு செய்தியே வந்தது. அந்தப் புதன்கிழமை ஜெஸி சென்னை அம்பத்தூரில் பெரியம்மா வீட்டில் உட்கார்ந்து உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள் என்பது ஐந்து பேருக்கு மட்டும் தெரியும்.

ஜெஸிக்கு அப்போது இருபத்தைந்து வயது. வேலூரில் நர்ஸ் வேலை. நான்கு வருஷம் உட்கார நேரமில்லாமல் வார்டில் ஓடியவள். டியூட்டி முடிந்து காட்பாடிக்குப் போய், தூங்கி வழிந்துகொண்டே ஜெர்மன் படித்தாள். பேசுவதும் எழுதுவதும் எப்படியோ வந்துவிட்டது. ஒலிபெருக்கியில் வேகமாகப் பேசுவதைக் கேட்டுப் பதில் எழுதும் பரீட்சையில்தான் இரண்டு தடவை கோட்டை விட்டாள். மூன்றாவது தடவை தேறியதும், வாயில் நுழையாத பெயருள்ள ஒரு சின்ன ஊரின் ஆஸ்பத்திரி அவளுக்கு வேலை கொடுத்தது. விசாவுக்கு எழுதிப் போட்டாள். இருந்த வேலையை விட்டாள். இதுவரை தப்பு ஒன்றும் இல்லை.

தப்பு செய்தவர் அப்பா. ஞானமுத்து ஒரு ஷூ கம்பெனியின் ஏற்றுமதி ஆபீசில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறவர். அவர் கையெழுத்துப் போட்ட பெட்டிகள் எத்தனையோ கடல் தாண்டிப் போயிருக்கின்றன. அவர் பெங்களூரைத் தாண்டியதில்லை. போதாக்குறைக்குச் சபைச் செயலாளர். வெளிநாடு போகிறவர்களை அந்தச் சபையில் சும்மா அனுப்ப மாட்டார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் முன்னால் நிறுத்தி, போதகர் தலையில் கைவைத்து ஜெபம் பண்ணி, சாட்சி சொல்லவைத்து, மாதர் சங்கம் பொன்னாடை போட்டு, பிறகு எல்லோருக்கும் சாப்பாடு. போன வருஷம் பொருளாளர் டேனியலின் மகன் கனடா போனபோது இதெல்லாம் தடபுடலாக நடந்தது. ஞானமுத்துவின் கண்ணில் அது உறுத்திக்கொண்டே இருந்தது.

"விசா கையில வரட்டுமேப்பா," என்றாள் ஜெஸி.

"வந்தப்புறம் ஸ்தோத்திரம் பண்ண யாருக்குத்தான் தெரியாது? வர்றதுக்கு முன்னாடி பண்றதுதான் பாப்பா விசுவாசம்."

விசுவாசம் என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த வீட்டில் அதற்கு மேல் பேச்சு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஜெஸி முன்னால் போய் நின்றாள். புதன்கிழமை புறப்படுகிறாள் என்று அப்பா மைக்கில் தேதியோடு அறிவித்தார். அவளும் வாய் திறந்து கர்த்தருக்கு நன்றி என்று சொல்லித் தொலைத்தாள். கம்பெனிக்காரர்கள் கனமான ஒரு லெதர் ஜாக்கெட் கொடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை பாஸ்போர்ட் திரும்பி வந்தது. உள்ளே விசா இல்லை. கல்லூரிச் சான்றிதழ் ஒன்றில் முத்திரை விட்டுப்போயிருக்கிறது, சரி செய்து மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று ஒரு கடிதம் இருந்தது.

அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. விடிந்ததும் மாதர் சங்கம் வழியனுப்ப வாசலில் வந்து நின்றது. ஞானமுத்து மகளைப் பார்த்தார். "மூணே மாசம். இன்னிக்குக் கார்ல ஏறிடு பாப்பா. என் மானத்தக் காப்பாத்து," என்றார். ஜெஸி ஏறினாள். அன்று அவள் முடியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சபை முன்னால் நன்றி சொன்னது அவள் வாயும்தானே.

அம்பத்தூரில் ஒரு வாரம் இருந்தாள். பெரியம்மா மருமகளுக்குப் பிரசவம் என்று அங்கே இடம் போதவில்லை. தம்பி ஜெர்சன் அவளைக் காரில் கூட்டிவந்து, தெரு வெறிச்சோடிக் கிடக்கும் மத்தியான வேளையில் வீட்டுக்குள் சேர்த்தான். பின்னறைக்குள் போனவள்தான். அம்மா ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டாள்.

மூன்று மாதம் ஐந்து மாதமாக நீண்டது. ஒரு பெரிய மனுஷி சொந்த வீட்டில் திருட்டுத்தனமாக வாழ்வது எவ்வளவு வேலை பிடிக்கும் என்பது வாழ்ந்து பார்த்தால்தான் தெரியும். அவள் சுடிதார் மாடியில் காயக்கூடாது. அவள் தும்மினால் அம்மா இருமவேண்டும். காலிங்பெல் அடித்தால் கையில் இருக்கும் இட்லியோடு அறைக்குள் ஓடவேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிய பேஜார் வாட்ஸ்அப்தான். மாதர் சங்கத் தலைவி ஞானசுந்தரி, அதாவது டேனியலின் மனைவி, தினமும் ஒரு வசனம் அனுப்பி நலம் விசாரிப்பாள். ஜெர்மனிக் கடிகாரம் நம்மைவிட மூன்றரை, நாலரை மணி நேரம் பின்னால் என்பதால் ஜெஸி மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு "குட் மார்னிங் அத்தை" என்று போடுவாள். போனில் அந்த ஊர் வெயில் குளிர் பார்த்துப் பதில் எழுதுவாள். ஆம்பூர் வெயிலில் ஃபேன் சுடுகாற்றை இறைக்க, அங்கே மழை, கம்பளி போட்டிருக்கிறேன் என்று எழுதிய ஒரு நாள் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்கும்போது அழுதுகொண்டிருந்தாள்.

அந்த ஐந்து மாதத்தில் அவள் வாசல் தாண்டியது ஒரே ஒரு நாள். மறுபடி விசா ஆபீசுக்குச் சென்னை போகவேண்டியிருந்தது. ஜெர்சனின் பேண்ட் சட்டையை மாட்டி, முகம் மூடும் ஹெல்மெட்டைக் கவிழ்த்து, அவன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து, ஆம்பூரில் ரயில் ஏறினால் தெரிந்தவர்கள் பார்ப்பார்கள் என்று, காட்பாடி ஸ்டேஷன் வரை போனாள். பிளாட்பாரத்தில் ஹெல்மெட்டைக் கழற்றியபோது எதிரே ஒரு அம்மா தன்னையே பார்ப்பதாக நினைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். ரயிலில் ஹெல்மெட்டோடு உட்கார்ந்திருந்த ஒரே ஆள் அவள்தான்.

ஒரு தடவை போதகர் திடீரென்று வீட்டுக்கு வந்தார். ஹாலில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, "தூர தேசத்துல தனியா இருக்கிற பிள்ளைக்காக ஜெபிப்போம்," என்றார். ஜெஸி கதவுக்குப் பின்னால், அவரிடமிருந்து பத்தடி தூரத்தில், பழக்கத்தில் தலைகுனிந்து நின்றாள். அந்நிய ஜனங்கள் நடுவே அவளைக் காத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று அவர் உருகினார். நல்ல மனுஷர். ஆமென் என்பது அவள் தொண்டைவரை வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் பிடித்தது. ஜெர்மனி கிடைக்காமல் போனால், அவள் இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. இந்த அறையிலேயே கிழவியாகிவிடுவோமோ என்று நினைத்தாள்.

எதிர்வீட்டு ரஃபி அகமது பாய்க்கு மட்டும் விஷயம் தெரியும் போலிருந்தது. எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ரம்ஜான் அன்று அவர் வீட்டிலிருந்து நான்கு பேருக்குப் பிரியாணி வந்தது. ஊர்க் கணக்குப்படி அந்த வீட்டில் மூன்றே பேர். நான்காவது தட்டை அம்மா பின்னறைக்குக் கொண்டுவந்து வைத்தாள்.

ஜூனில், விசா முடிவாகிவிட்டது, பாஸ்போர்ட் வெள்ளிக்கிழமை வீடு வரும் என்று போனில் செய்தி வந்தது. கிடைத்ததா இல்லையா என்று அதில் போடவில்லை. அந்த வெள்ளிக்கிழமை பார்த்து மாதர் சங்க ஜெபக்கூட்டம் அவர்கள் வீட்டு முறை. முறையைத் தள்ளிப்போட்டால் ஏன் எதற்கு என்று கேட்பார்கள். ஞானமுத்து அரை நாள் லீவு போட்டுவிட்டு, ஜெஸியிடம் ஒரு அதிகாரக் கடிதம் எழுதி வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

நாலு மணிக்கு ஹாலில் பதினான்கு பெண்கள் பாடிக்கொண்டிருக்கும்போது கூரியர்காரர் வந்தார். நடுவயது ஆள், கணீரென்ற குரல்.

"ஜெஸி ஞானமுத்து யாருங்க?"

"நான் அவ அப்பா. குடுப்பா."

"அவங்க கையிலதான் சார் குடுக்கணும். ஆதார் காட்டிக் கையெழுத்துப் போடணும்."

"லெட்டர் வாங்கி வச்சிருக்கேன், பாரு."

"இந்தக் கவருக்கு அதெல்லாம் செல்லாது சார். அவங்களக் கூப்பிடுங்க."

பாட்டு நின்றது. கதவிடுக்கில் ஜெஸி பார்த்துக்கொண்டிருந்தாள். ஞானசுந்தரி எழுந்து வாசலுக்கு வந்தாள்.

"ஜெஸிக்கா? அவதான் ஜெர்மனில இருக்காளே. இன்னா கவரு அது?"

"பாஸ்போர்ட்டும்மா."

"பாஸ்போர்ட்டா?"

"ஆமா. பாஸ்போர்ட் எங்கிட்ட இருக்குது, அவங்க எப்படிம்மா ஜெர்மனில இருப்பாங்க?" கூரியர்காரர் நியாயமாகத்தான் கேட்டார்.

ஞானமுத்துவின் கழுத்தில் வியர்வை இறங்கியது. "அது பழசு," என்றார். "அவ ஜனவரிலயே போய்ட்டா."

"அப்ப ரிட்டர்ன் போட்டுர்றேன் சார். ஆள் ஊர்ல இல்லன்னு எழுதி ஒரு கையெழுத்துப் போடுங்க."

ஜெஸி அப்பாவின் முகத்தையே பார்த்தாள். இதுவரை அவர் சொன்ன பொய்யெல்லாம் இந்தக் கவர் வரும்வரைக்கும்தான் என்று அவள் நம்பியிருந்தாள். இப்போது கவர் வந்துவிட்டது. இரண்டடி தூரத்தில் இருக்கிறது. சொல்லிவிடுவார், இதோ சொல்லிவிடுவார் என்று காத்திருந்தாள். ஞானமுத்து சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். தாளைச் சுவரில் வைத்து அழுத்தினார்.

ஜெஸி கதவைத் திறந்தாள். நைட்டியோடு, ஈரத்தலையோடு, பதினான்கு பெண்களின் நடுவே நடந்து வாசலுக்குப் போனாள். ஒரு பெண் தன் காலை இழுத்து அவளுக்கு வழிவிட்டாள். ஆதாரைக் காட்டி, கையெழுத்துப் போட்டு, கவரை வாங்கினாள். கூரியர்காரர் அவளையும் அப்பாவையும் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

முதலில் வாய் திறந்தவள் ஞானசுந்தரிதான். "எப்ப வந்த ஜெஸி?" என்றாள். குத்தலாகக் கேட்கவில்லை. தப்பித்துக்கொள்ளட்டும் என்று ஒரு வழி விட்டுத்தான் கேட்டாள்.

"காலைலதான் வந்தா," என்றார் ஞானமுத்து அவசரமாக. "லீவுல."

ஐந்து மாதம் இல்லாத கோபம் அப்போதுதான் ஜெஸிக்கு வந்தது.

"நா போகவே இல்ல அத்தை," என்றாள். "அந்த ரூம்லதான் இருந்தேன். உங்களுக்குக் குட் மார்னிங் போட்டதெல்லாம் அங்கருந்துதான்."

அம்மா சமையல்கட்டில் முந்தானையை வாயில் வைத்து அழுதாள். ஜெஸி கவரைக் கிழித்தாள். விசா இருந்தது. தன் பெயரை இரண்டு தடவை படித்துச் சரிபார்த்துவிட்டு, அப்பாவிடம் காட்டலாம் என்று நிமிர்ந்தாள். அவர் அங்கே இல்லை. பின்னறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுவிட்டார்.

பெண்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். சிலர் அவள் கையைப் பிடித்துவிட்டுப் போனார்கள், சிலர் பிடிக்கவில்லை. ஐந்தரை மணிக்கு ஜெஸி சுடிதார் மாற்றி, தலை சீவி, பின்னறைக் கதவைத் தட்டினாள். அவளுக்குக் கோபம் தீரவில்லை. ஆனாலும் அந்த அறையில் அந்த நேரத்துக்கு எவ்வளவு புழுங்கும் என்று அவளைவிட யாருக்குத் தெரியும்?

"அப்பா, கடைத்தெரு வரைக்கும் போய்ட்டு வர்றேன். நீங்களும் வாங்க."

தாழ்ப்பாள் திறக்கவில்லை, குரல் மட்டும் வந்தது.

"நீ போ பாப்பா. யாராவது தேடிவந்தா, நா ஊர்ல இல்லன்னு சொல்லிடு."

அவள் வெளியே வந்தபோது கேட்டுக்கு அந்தப் பக்கம் டேனியல் நின்றிருந்தார். விஷயம் அதற்குள் அவர் காதுக்குப் போயிருந்தது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. உள்ளே வருவதா திரும்பிப் போவதா என்று தயங்கிக்கொண்டிருந்தார்.

"அப்பா இருக்காராம்மா?"

"இருக்காரு மாமா," என்றாள் ஜெஸி. "பின்னறையில இருக்காரு. போய்க் கூப்பிடுங்க."