இரண்டு கிலோ முகப்பொடி

இந்த ஊரில் முகம் தேய்க்க உருப்படியான பொருள் எதுவும் கிடைக்காது என்ற முடிவுக்கு வர எனக்கு நான்கு ட்யூப்கள் தேவைப்பட்டன. ஜெர்மனிக்கு வந்து முதல் குளிர்காலம். ஹீட்டர் காற்றில் மூக்கின் இரண்டு பக்கமும் தோல் செதில் செதிலாக உரிந்து நின்றது. முதலில் வாங்கிய ஸ்க்ரப் ஆற்றுமணலை அப்படியே அள்ளி அடைத்ததுபோல் இருந்தது. தேய்த்த இடம் இரண்டு நாள் எரிந்தது. அடுத்தது பஞ்சுமிட்டாய் வாசனையோடு வழுக்கிக்கொண்டு போனதே தவிர எதையும் தேய்க்கவில்லை. மற்ற இரண்டைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. ஐந்தாவதைக் கையில் வைத்துக்கொண்டு, புரிந்தும் புரியாமலும் அதன் முதுகைப் படித்துக்கொண்டிருந்தபோதுதான் சித்தியின் ஞாபகம் வந்தது. உலகத்திலேயே நல்ல முகப்பொடி எது என்று எனக்குத் தெரியுமே! அதைக் கண்டுபிடித்தவளே நான்தான். பத்து வயதில், சித்தூரில் ஒரு மாவு மில்லில், ஒரு பொய் சொல்லிக் கண்டுபிடித்தேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. நர்ஸ் வேலைக்கு அயர்லாந்து போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. சித்தப்பாவும் கூடப் போயிருந்தார். அம்மாவுக்கு வயலும் மாடும் போக மிஞ்சிய நேரத்தில் என்னைத் திட்டத்தான் முடிந்தது. என்னைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியது சித்தி ஒருத்திதான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோவில் வருவாள். ஒரு ஞாயிறு, போன் திரையில் தன் கன்னத்தைக் கொண்டுவந்து ஒட்டவைத்துக் காட்டினாள்.

"மூஞ்சி வெள்ளரிப்பழமாட்ட வெடிக்குதுக்கா. இங்க கடையில குடுக்கறதெல்லாம் வெறும் நொரை. நம்மூட்டுப் பொடியக் கொஞ்சம் அனுப்பிவுடு."

மூன்று மாதத்தில் மாமாவின் கல்யாணம். சித்தி லீவு போட்டு வருவதாக இருந்தாள். எங்கள் சொந்தத்தில் கல்யாணத்துக்கு வருபவர்கள் பந்தியைவிட முகங்களைத்தான் கவனமாகப் பார்ப்பார்கள். வெளிநாடு போனவள் வாடி வதங்கி வந்து நின்றால் அடுத்த கல்யாணம் வரைக்கும் அதையே பேசுவார்கள். ஆகவே சித்தியின் முகம் எங்கள் வீட்டின் மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

அம்மா பாசிப்பயறு, பச்சரிசி, ஆரஞ்சுத் தோல், ரோஜா இதழ், ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு எல்லாவற்றையும் மொட்டைமாடியில் காயவைத்தாள். இடையில் சித்தப்பா தனக்குக் காலையில் கஞ்சி காய்ச்சச் சத்துமாவு வேண்டும் என்று சொல்லிவிட்டார். அதற்கு ராகி, கம்பு, நிலக்கடலை, பொட்டுக்கடலை, சுக்கு, ஏலக்காய் என்று தனியாக வறுத்தாள். முகப்பொடியும் சத்துமாவும் இரண்டிரண்டு கிலோ. முகப்பொடி ஆறு மாதத்துக்கு வரும் என்பது அம்மாவின் கணிப்பு.

அரைக்க வேண்டிய நாளில் பார்த்து அறுவடை மெஷின் வந்து சேர்ந்தது. வயலைவிட்டு அம்மா நகர முடியாது. பக்கத்து ஊரிலிருந்து அயர்லாந்துக்குக் கிளம்பும் இன்னொரு நர்ஸ் அன்று சாயங்காலம் பார்சலை வாங்கிக்கொள்ள வருவதாக ஏற்பாடு. வேறு வழியில்லாமல் அந்தப் பொறுப்பு என்னிடம் வந்தது. இரண்டும் ஒரே மாதிரி பிஸ்கட் டின்கள். அம்மா ஒன்றின் கழுத்தில் மட்டும் சிவப்பு நூலைக் கட்டினாள். நூல் கட்டியதைக் குருணையாக அரைக்க வேண்டும், கட்டாததை நைஸாக. அதைத் தவிர வேறு எதையும் நான் ஞாபகம் வைத்துக்கொள்ளத் தேவையில்லை என்று அவளே சொன்னாள்.

நானும் வேறு எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை. ஆனால் அந்த நூல் நல்ல சிவப்பு. பாதி வழியில் சைக்கிளை நிறுத்தி, அதை அவிழ்த்து, மணியில் பூப்போலக் கட்டிக்கொண்டு, ஒரு மைல் தூரம் மணியை அடித்துக்கொண்டே போனேன்.

மில்லில் பெரிய வரிசை. மில்காரர் டின்களைத் திறந்துவைத்துக்கொண்டு, "அம்மிணி, எதைக் குருணையா அரைக்கோணும்?" என்று கேட்டபோதுதான் நூல் சைக்கிள் மணியில் இருப்பது ஞாபகம் வந்தது. பின்னால் பத்துப் பெண்கள் பாத்திரத்தோடு நிற்கிறார்கள். தெரியாது என்று சொல்ல என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. ஒன்றைக் காட்டினேன்.

"ராகிய ஆராச்சும் குருணையா அரைப்பாங்களா?" என்றார்.

"எங்கம்மா அப்படித்தானுங்க சொன்னாங்க" என்றேன்.

வீட்டுக்கு வந்தால், பார்சலில் ஒட்டுவதற்கென்று அம்மா இரண்டு காகிதங்கள் எழுதிவைத்துவிட்டுப் போயிருந்தாள். ஒன்றில் 'முகத்துக்கு - குருணை'. இன்னொன்றில் 'கஞ்சிக்கு - நைஸ்'. நான் மாற்றி அரைத்திருந்தேன். மறுபடி மில்லுக்கு ஓட நேரமில்லை. ஓடினாலும் குருணையை நைஸாக்கலாம், நைஸைக் குருணையாக்க எந்த மில்லாலும் முடியாது. கொஞ்ச நேரம் அழுதேன். பிறகு யோசித்தேன். முகத்துக்கு வேண்டியது குருணை. குருணையாக இருப்பது எது? ராகி. கஞ்சிக்கு வேண்டியது நைஸ். நைஸாக இருப்பது பயறும் ரோஜாவும். பைகளில் கொட்டி, அதன்படியே ஒட்டி, வாயை இறுக்கிக் கட்டினேன். காகிதத்தில் எழுதியிருந்ததைப் பார்த்தால் நான் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. நர்ஸக்கா வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த இரண்டு வாரம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சித்தியின் முகம் புண்ணாகிவிடுமோ, கஞ்சி குடித்து சித்தப்பா செத்துவிடுவாரோ என்று வகுப்பில் உட்கார்ந்து நடுங்கினேன். எல்லாவற்றையும்விட, சித்தி இனிமேல் என்னோடு பேசமாட்டாள் என்ற பயம்தான் பெரிதாக இருந்தது. பகவதிக்கு ஒரு தேங்காய் உடைப்பதாக வேண்டிக்கொண்டேன். தேங்காய் எங்கள் தோப்பிலேயே கிடைப்பது என்பதால் பிறகு அதைப் பதினொன்றாக உயர்த்தினேன்.

பார்சல் போய்ச் சேர்ந்த பிறகு வந்த ஞாயிறு சித்தி திரையில் வந்தாள். முகம் இருந்தது. முழுதாக இருந்தது. "பொடிய ஆரு அரைச்சது?" என்று கேட்டாள். அம்மா என்னைப் பிடித்து முன்னால் தள்ளினாள். சித்தி என்னையே உற்றுப் பார்த்தாள். என் உயிர் என்னிடம் இல்லை.

"இத்தன நல்ல பொடி நான் பாத்ததே இல்லைக்கா" என்றாள். குரல் கம்மியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்றாள். பக்கத்திலிருந்து சித்தப்பா தலையை நீட்டி, "கஞ்சி கொஞ்சம் கசக்குதுங்க. ஆனா கசந்தாத்தானுங்க ஒடம்புக்கு நல்லது" என்று அம்மாவுக்கு நன்றி சொன்னார்.

எனக்கு வந்த சந்தோஷத்தில் அன்று கோயிலுக்கு ஓடிப்போய் மூன்று தேங்காய் உடைத்தேன். மீதி எட்டு இன்னும் பாக்கி.

ஒரே மாதத்தில் முகப்பொடி தீர்ந்துவிட்டதாக சித்தி சொன்னாள். அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "ரெண்டு கிலோவா? மூஞ்சிக்குத் தேச்சியா, செவுத்துக்குப் பூசுனியாடி?" என்றாள். அங்கே குளிர் அதிகம், நிறையத் தேவைப்படுகிறது என்றாள் சித்தி. நானும் தலையாட்டினேன். குளிரில் முகம் பெரிதாகுமோ என்னவோ என்று நினைத்துக்கொண்டேன். மறுபடி வறுத்ததும் நானே வலியச் சென்று டின்களை வாங்கிக்கொண்டு, தனியாக மில்லுக்குப் போய், இந்த முறை தெளிவாகத் தப்பாக அரைத்து வந்தேன். பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள்.

கல்யாணத்துக்கு வந்து இறங்கிய சித்தியைப் பார்த்து மண்டபமே வாய்பிளந்தது. கன்னம் இரண்டும் பன்னுபோல் உப்பிப் பளபளத்தன. வெளிநாட்டுச் சாப்பாடு ஒத்துக்கொண்டது என்றார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும், அத்தனையும் ராகிக் குருணையின் மகிமை என்று. சித்தப்பாவும் ஒரு மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தார். முகத்துக்கு என்ன போடுகிறீர்கள் என்று பெண்கள் கூட்டமாக வந்து அவரிடம் கேட்டார்கள். "ஒண்ணும் போடறதில்லீங்க. காலையில கஞ்சி குடிக்கறதோட செரி" என்றார் அவர். இன்றுவரை அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லவில்லை.

அயர்லாந்துக்குத் திரும்புவதற்கு முன்னால் சித்தி என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "அடுத்த தடவையும் நீயே போயி அரைச்சுட்டு வரோணும். இதே மாதிரி" என்று காதில் சொன்னாள். என் கைராசி அப்படி என்று பெருமையாக இருந்தது.

இந்தக் கதையெல்லாம் அந்த ஜெர்மன் கடையில் ஞாபகம் வர, ஐந்தாவது ட்யூபை அதன் இடத்திலேயே வைத்துவிட்டு வந்தேன். அம்மாவுக்குப் போன் செய்து, சத்துமாவு இரண்டு கிலோ, குருணையாக, முகத்துக்கு என்றேன். "உனக்கென்ன கிறுக்கா?" என்றாளே தவிர அனுப்பிவிட்டாள்.

ஒரு ஞாயிறு மத்தியானம் பார்சலைப் பிரித்தேன். வறுத்த கடலையும் ஏலக்காயும் சுக்கும் கலந்த வாசனை குளியலறை முழுக்க நிறைந்தது. கிண்ணத்தில் இரண்டு ஸ்பூன் எடுத்துக்கொண்டேன். தண்ணீர் விடுவதற்கு முன்னால், சும்மா, ஒரு சிட்டிகையை வாயில் போட்டேன். நறநறவென்று கடிபட்டது. இன்னொரு சிட்டிகை போட்டேன். பிறகு குளியல்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து கிண்ணத்தைக் காலி செய்தேன். எதற்கென்றே தெரியாமல் அழுகை வந்தது. அழுதுகொண்டே தின்றேன், ரொம்ப நன்றாக இருந்தது. முதல் கிலோ தீர ஒன்பது நாள் ஆனது. மூக்கோரத்துத் தோல் இன்னும் அப்படியேதான் உரிந்துகொண்டிருக்கிறது. அதில் ஒரு பருக்கைகூடப் படவில்லை.

சித்தியைக் கூப்பிட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், "சித்தி, முகப்பொடி பாதி தீந்துருச்சு" என்றேன்.

 அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது.

"எத்தன நாள்ல?"

"ஒம்பது நாளு."

"நீ பரவால்ல கண்ணு. எனக்கு மொதக் கிலோ அஞ்சே நாளு. ரெண்டாவதத்தான் ஒவ்வொரு ஸ்பூனா எண்ணி எண்ணித் தின்னேன்" என்றாள் சித்தி.