மச்சாளின் சீலையும் டென்மார்க் அரசனும்

மகளுக்கு வாய்மொழிச் சோதனை நெருங்கிக்கொண்டிருந்தது. தலைப்பு, பழைய காலத்தில் ஒல்லாந்துக்கும் டென்மார்க்குக்கும் இடையே நடந்த கடல் வணிகம். டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில் எங்கள் வீட்டுக் குசினியில் அந்தக் கிழமை முழுவதும் வேறு கதையே இல்லை.

"யாழ்ப்பாணக் கோட்டையில இருந்த அதே ஒல்லாந்தரோ?" என்று கேட்டேன்.

அவர்கள்தான் என்றும், இங்கே அவர்கள் வரி கட்டினார்கள் என்றும் அவள் டேனிஷில் சொன்னாள். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கட சனத்திட்ட வரி வாங்கினவைக்கு நல்லா வேணும் என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை பின்னேரம் ஒரு கலியாண வரவேற்புக்குப் போக, கோல்டிங்கிலிருந்து அண்ணையும் மச்சாளும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். மச்சாள் மயில்கழுத்து நிறப் பட்டுச்சீலை கட்டியிருந்தாள். என் கை தானாகவே போய் அதன் கரையைத் தடவியது.

"என்ன விலை மச்சாள்?"

"இதென்ன பெரிய சீலையே! தில்பூட்டில எடுத்தது. அறுநூறு குறோனர்."

தில்பூட் என்றால் கழிவு விலை. எங்கள் பெண்கள் சீலையின் உண்மை விலையைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாவூறு படும். அதைவிட மோசம், புருஷன் காதில் விழும். நானும் அப்படித்தான்.

தேத்தண்ணி குடிக்கும்போது மகள் பாடத்தை ஒப்பித்தாள். ஹெல்சிங்கோரில் நீரிணையைக் கடக்கும் கப்பலின் தலைவன் தன் சரக்கின் மதிப்பைத் தானே சொல்வான். அவன் சொன்னதற்கு ஏற்ப டென்மார்க் அரசனுக்கு வரி.

"அப்ப குறைச்சுச் சொல்லலாமே!" என்றாள் மச்சாள் உற்சாகமாக.

"சொல்லலாம் மாமி. ஆனா குறைச்சுச் சொன்னா, அந்த விலைக்கே அரசன் சரக்கை வாங்கலாம்." மகள் சட்டென்று எழுந்து இடுப்பில் கை வைத்தாள். "இப்ப நான்தான் அரசன். மாமின்ர சீலையை அறுநூறுக்கு நான் வாங்குறன்!"

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அண்ணை சிரிக்கவில்லை, உண்மை என்றே நம்பி மச்சாளிடம் திரும்பினார்.

"குடுமப்பா. சோதினைக்குப் போற பிள்ளை ஆசையாக் கேக்கிறாள். அந்த விலைக்கு உமக்கு வேற ரண்டு எடுத்துத் தாறன்."

மச்சாளின் முகம் பேயறைந்தது போலாயிற்று. உண்மையைச் சொன்னால் அண்ணைக்குத் தெரிந்துவிடும். சொல்லாவிட்டால் சீலை போய்விடும்.

"இது... பிள்ளைக்கு அளவில்லை."

"சீலைக்கு என்னப்பா அளவு?"

எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. மகள் மேசையில் தலையை வைத்துக் குலுங்கினாள். மச்சாள் முந்தானையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தாள்.

"ஆறாயிரம்!" என்று கத்தினாள். "அறுநூறில்லை, ஆறாயிரம்! சனி ஞாயிறு வேலைக்குப் போன என்ர காசு. ஒருக்காலும் எனக்கெண்டு ஒண்டும் வாங்கினதில்லை. ஆசைப்பட்டு எடுத்தனான்!"

சிரிப்பெல்லாம் நின்றுபோனது. எனக்குப் பயமாகிவிட்டது. அண்ணை தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"இதை முந்தியே சொல்லியிருக்கலாமே! மனிசிக்கு மலிவுச் சீலைதான் வாங்கிக் குடுக்கிறான் எண்டு சனம் சொல்லுமெண்டு, நீர் இந்தச் சீலை கட்டின கலியாண வீடெல்லாம் நான் கடைசி வரிசை வாங்கில ஒளிச்சிருந்தனான்!"

மச்சாள் அழுதுகொண்டே சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். அன்று பின்னேரம் மண்டபத்தில் அண்ணை அவளைக் கூட்டிக்கொண்டு நேரே முன்வரிசைக்குப் போனார். போகிற வழியில் ஆறாயிரம், ஆறாயிரம் என்று கேட்டவர்களுக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்.